பத்தரை மணிப் படத்தில் ஒரு மீன்வண்டி

வானத்திலிருந்து பார்த்தால் கொச்சுபரம்பில் மொத்தமே ஒரு வண்டிதான் ஓடுகிறது. அது என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு வண்டியால் இரண்டு வருஷம் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வேண்டாம்.

என் பெயர் பிலோமினா. நீல நிறப் பெட்டி ஆட்டோவில் மீன் விற்கிறேன். வண்டியை ஓட்டுவதும் நான்தான், மீனை வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பதும் நான்தான், விலை கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தகுந்த பதில் சொல்லி அனுப்புவதும் நான்தான். படகுத்துறை ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிறது. மீன் தின்கிற ஜனம் முழுக்கக் கிழக்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரயில் கேட். ஒரு நாளைக்கு முப்பது தடவைக்கு மேல் மூடுவார்கள். ஒரு ரயில் போனதும் திறக்கப்போகிறார்கள் என்று வண்டியைக் கிளப்பினால், எதிர்த்திசையில் இன்னொன்று வருகிறது என்பார்கள். நிற்க நிற்க ஐஸ் உருகிப் பின்னால் நிற்கிற ஸ்கூட்டர்காரரின் செருப்பில் சொட்டும். அவர் என்னைப் பார்ப்பார். நான் கேட்டைப் பார்ப்பேன். பன்னிரண்டு மணிக்குள் விற்றால் அது மீன். அதற்குப் பிறகு கண் வெளுத்துப் போன சாளையை வீட்டுக்காரிகள் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, கையை என் வண்டியிலேயே துடைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்: மீன் வெளுப்பதற்குள் என் வாடிக்கைக்காரர்களின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

கேட்டுக்கு மேலே மேம்பாலம் வேண்டும் என்று ஊரில் ஓர் ஆக்‌ஷன் கவுன்சில் இருக்கிறது. அதற்குத் தலைவர் வாவச்சன். சிமெண்டும் கம்பியும் விற்கிற கடைக்காரர். பாலம் கட்டினால் சிமெண்ட் அவர் கடையில்தான் வாங்குவார்கள், அதனால்தான் மனுஷன் இப்படி ஓடுகிறார் என்று ஊரில் பேச்சு. நான் அதை நம்பவில்லை. மைக் இருந்தால் போதும், அவர் எதற்கும் தலைவராக இருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பரில் கவுன்சில் ஹர்த்தால் அறிவித்தது: கடை திறக்கக் கூடாது, வண்டி ஓடக் கூடாது. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம், இவற்றுக்கு விலக்கு. மீனுக்கு உண்டா என்று முதல்நாளே வாவச்சனிடம் போய்க் கேட்டேன். மீன் என்ன பாலா என்றார். பாலாவது மறுநாள் தயிராகும், மீன் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் அனுமதி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஹர்த்தால் அன்று பார்த்து வலையில் சாளை கொட்டியது. விட மனசு வரவில்லை. வண்டியை எடுத்தேன். ரோட்டில் ஒரு காக்காய் இல்லை. வண்டிகளைத் தடுக்க வேண்டிய தொண்டர்கள் வாவச்சன் வீட்டுப் பின்கட்டில் கப்பைக்கிழங்கும் மாட்டுக்கறியும் தின்றுகொண்டிருந்தார்கள். கேட் திறந்து கிடந்தது. என் பத்து வருஷத் தொழிலில் முதல் தடவையாக பிரேக்கில் கால் வைக்காமல் பாதையைத் தாண்டினேன். மணி பத்தரை இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பாட்டுக்கூடப் பாடினேன். எல்லோரும் வீட்டில் சும்மா இருந்ததால் அரைமணி நேரத்தில் பெட்டி காலி. வாவச்சன் வீட்டுக்கே ஒன்றரைக் கிலோ போனது. அவர் மனைவி பின்வாசலில் வந்து வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பத்தரை மணிக்கு வானத்தில் ஒன்று பறந்துபோய்க்கொண்டே படம் எடுத்தது எனக்கு எப்படித் தெரியும்?

பதினொரு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. மேம்பாலம் தேவையா என்று பார்க்க ரயில்வே மேலிடம் ஓர் ஆலோசனைக் கம்பெனியை வைத்திருந்தது. ஆள் யாரும் இங்கே வரவில்லை. இந்தக் காலத்தில் யார் வெயிலில் நின்று வண்டி எண்ணுகிறார்கள்? எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மேப்பைத் திறந்து எங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அறிக்கையின் நகலை வாவச்சன் கடை வாசலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். நேரம் காலை பத்தரை. வேலை நாள். வானம் தெளிவு. கேட்டைப் பயன்படுத்தும் வாகனங்கள் ஒன்று. கடைகள் இயங்கவில்லை. மக்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்திருக்கலாம். மேம்பாலம் தேவையில்லை.

பாலம் கேட்டு நடத்திய ஹர்த்தாலே பாலத்துக்குக் குழி தோண்டிவிட்டது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. அதுதான் நான் செய்த தப்பு. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். படத்தில் கேட்டின் நடுவில் ஒரு நீலப்பொட்டு. கொச்சுபரம்பில் நீல வண்டி யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை.

"பூஜ்யம்னு இருந்திருந்தா அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும் பிலோமி" என்றார் வாவச்சன். "என்னடா இது, ஒரு ஊர்ல ஒரு வண்டிகூடவா இல்ல, ஏதோ கோளாறுன்னு வேற படத்தைத் தேடியிருப்பான். ஒண்ணுன்னு இருந்துச்சு, எண்ணிட்டான். பூஜ்யம்னா அது ஹர்த்தால். ஒண்ணுன்னா அது கணக்கு. நீ வந்து கணக்காக்கிட்ட."

"அப்ப உங்க ஐம்பது பேரும் கப்பைக்கிழங்கை விட்டுட்டு வண்டியோட வந்திருந்தா ஐம்பதுன்னு எண்ணியிருப்பானே சேட்டா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. அவர் வீட்டுக்குப் போன ஒன்றரைக் கிலோவையும் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன். அன்று சாயங்காலமே கவுன்சில் கூடித் தீர்மானம் போட்டது: வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் மாறும்வரை பிலோமினாவிடம் யாரும் மீன் வாங்கக் கூடாது.

மறுநாள் வழக்கம்போலப் போனேன். ஹாரன் அடித்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னல் திரைகள் மட்டும் ஆடின. பத்து வருஷமாக என்னிடம் வாங்கிய கைகள்; எந்த வீட்டுக்குத் தலை வேண்டும், எந்த வீட்டுக்கு வேண்டாம், எந்த வீட்டில் மாமியார் இருந்தால் சின்ன மீன், இல்லாவிட்டால் பெரிய மீன் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தத் தெருவில் என் பின்னால் ஒரு பூனை மட்டும் வந்தது. திரும்பி வரும்போது கேட்டில் நின்று அழுதேன். கேட் மூடியிருந்தது, அழுவதற்கு நேரம் இருந்தது.

மறுநாளிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊருக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே மூன்று மீன்காரர்கள். மிச்சம் விழுகிற வீடுகள்தான் எனக்கு. போதாக்குறைக்கு அங்கே போகவும் இதே கேட்டைத்தான் தாண்ட வேண்டும்.

படம் மாறும்வரை என்றால் எப்போது மாறும்? தீர்மானம் போட்டவர்கள் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நான் போய் ரம்ஷீனாவைக் கேட்டேன். ரம்ஷீனா பஸ் ஸ்டாப் பக்கத்தில் இணைய சேவை மையம் நடத்துகிறவள். ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டுமா, வரி கட்ட வேண்டுமா, எல்லாம் அவள்தான். கவுன்சில் தீர்மானத்தில் மீன் வாங்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, பேசக் கூடாது என்று இல்லை என்று சொல்லி என்னை உட்காரவைத்தாள்.

மேப்பைத் திறந்தாள். கொச்சுபரம்பு வந்தது. மாதா கோயில் கோபுரத்துக்கு இன்னும் பழைய நிறம். மைதானத்தில் எப்போதோ பிரித்துப்போட்ட பந்தல் இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தது. என் வீட்டு வாசலில் அதற்குள் வெட்டிவிட்ட பலாமரம் முழுசாக நின்றது. கிழிந்து கரித்துணியாகிவிட்ட என் பச்சை நைட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

"பெரிய நகரம்னா வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்துவாங்க சேச்சி. சிலதுக்கு அதைவிடச் சீக்கிரம். நம்ம மாதிரி ஊருக்கு ரெண்டு வருஷம் ஆகும், மூணு ஆகும். யாரும் தேடாத இடம்னா அதுக்கு மேலயும் ஆகும்" என்றாள். "சாட்டிலைட்டு அடிக்கடி போயிட்டுதான் இருக்கு. எடுக்கறது எல்லாம் மேப்புல வராது. மேகம் இருந்தா கழிச்சிடுவாங்க. நல்லா இருக்கறதுல ஒண்ணை எடுத்து ஒட்டுவாங்க. எந்த நாள்னு நம்மகிட்ட கேக்க மாட்டாங்க."

எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி மழை. மேகம் இல்லாத நாளைப் பொறுக்கி எடுத்தவன் ஹர்த்தால் நாளையா பொறுக்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். ஆள் யாரும் இல்லையாம், படம் பழசு என்று தெரிவிக்க ஒரு பட்டன் இருக்கிறதாம். அமுக்கினேன். கருத்துக்கு நன்றி என்று வந்தது. ஒரு வாரம் தினமும் போய் அமுக்கினேன். தினமும் நன்றி சொன்னார்கள். இந்த ஊரில் அந்த வாரம் எனக்கு நன்றி சொன்னது அது ஒன்றுதான்.

கடைசியில் வழி காட்டியதும் ரம்ஷீனாதான். ஜனவரியில் எங்கள் மாவட்டம் முழுவதையும் மேப்புக்காகப் புதிதாகப் படம் எடுக்கப்போவதாக ஓர் அறிவிப்பைத் தோண்டி எடுத்தாள். எங்கள் பக்கத்துக்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு வாவச்சன் கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார். படித்ததும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஹர்த்தால் நடத்திக் கெடுத்ததை நெரிசல் நடத்திச் சரிசெய்யலாம்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களை எல்லாம் சொன்னால் விடிந்துவிடும். ஒருவரை ஒருவர் கண்டால் காறித் துப்புகிற நாலு கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பஸ் கூரையில் யார் கொடியை விரிப்பது என்று இரண்டு மணி நேரம் சண்டை. வானத்துக்கு ஓட்டு இல்லை என்று யாரோ நினைவூட்டிய பிறகுதான் அது அடங்கியது. அம்பலத்து யானையை வண்டிக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு விவாதம். யானையை ஏற்றுகிற லாரி மட்டும் போதும் என்று முடிவானது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் வண்டிக் கூரையைக் கழுவி வரும்படி அறிவித்தார்.

இங்கேதான் வாவச்சன் ஒரு யோசனை சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் இந்த ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். படம் எடுக்கும்போது அசைந்தால் முகம் கலங்கிவிடும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். தரையில் நின்று எடுத்தாலே கலங்கும் என்றால் அத்தனை உயரத்திலிருந்து எடுத்தால் எப்படிக் கலங்கும்? அதனால் பத்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரை எந்த வண்டியும் ஓர் அங்குலம்கூட அசையக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நெரிசலில் வண்டி அசையாதுதானே, அதனால் எனக்கும் அது சரியாகவே பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. மேற்கே ஒரு கிலோமீட்டர், கிழக்கே ஒரு கிலோமீட்டர், கூரை பளபளக்க வண்டிகள். டிப்பர் லாரி, பள்ளிக்கூட பஸ், பூ ஒட்டின கல்யாணக் கார், சவ வண்டி, டிரெய்லர் மேல் ஒரு படகு. மொட்டைமாடிகளில் ஜனம் கலர் சட்டை போட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றது. நான் படகுத்துறையிலிருந்து அடுத்த ஊருக்கு அயிலை மீன் எடுத்துக்கொண்டு வந்தவள், மேற்குப் பக்கத்தில் முதல் வண்டியாக மாட்டிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. கேட் அகலத் திறந்து கிடந்தது. கேட்டை மூடச் சொல்லி வாவச்சன் கேட்கீப்பர் கோபிநாத பிள்ளையிடம் கெஞ்சினார். பிள்ளை சட்டத்தை விட்டு இம்மி நகராதவர்.

"ரயில் இல்லாம கேட்டை மூடினா என் வேலை போயிடும். கேட் மூடணும்னா ஒரு ரயிலைக் கொண்டுவந்துட்டுச் சொல்லுங்க" என்றுவிட்டார்.

அப்படியாக, திறந்த கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டரும் அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டரும் வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா நின்றன. வாவச்சன் மைக்கில், யாரும் அசைய வேண்டாம், மூக்கைச் சொறிய வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்து இருபது ஆனது. என் ஐஸ் உருகத் தொடங்கியது. பத்து இருபத்தைந்து. அயிலையின் கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. பத்து வருஷமாக மூடிய கேட்டின் முன்னால் நின்றிருக்கிறேன், அது தலையெழுத்து. திறந்த கேட்டின் முன்னால் நிற்பது எந்த ஊர் நியாயம்?

கோபிநாத பிள்ளை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "போறதுன்னா போயேன் பிலோமி. திறந்துதானே கிடக்கு."

போனேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது. பாதையின் நடுவில் இருக்கும்போது முன்னும் பின்னும் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஊரே என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஒருவரும் கையைக்கூட ஆட்டவில்லை, கலங்கிவிடும் அல்லவா? தலையை நிமிர்த்தியபடி, உதட்டை மட்டும் அசைத்து, அத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள். கிழக்குப் பக்கத்துக் கூட்டத்தில் ஓரமாக மண்ணில் இறங்கி வண்டியை விட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று அயிலை முழுதும் விற்றது. அதைச் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு ஊரில் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு ரம்ஷீனாவைத் தவிர என்னிடம் யாரும் பேசவும் இல்லை. மழைக்காலம் வந்தது, போனது. ஓணம் முடிந்த வாரத்தில் ரம்ஷீனா போன் செய்தாள், படம் மாறிவிட்டது என்று. ஓடினேன். மைதானத்தில் பந்தலின் தடம் இல்லை. கோபுரத்துக்குப் புது நிறம். பலாமரம் இருந்த இடத்தில் வெறும் மண். கேட்டின் இரண்டு பக்கமும் வண்டிக் கூரைகள் வரிசையாக மின்னின. கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. நடுவில், தண்டவாளத்தின் மேல், ஒரு நீலப்பொட்டு.

படம் மாறிவிட்டது, இனி மீன் வாங்குங்கள் என்று வாவச்சனிடம் போய்க் கேட்டேன். படம் மாறினால் போதாது, படத்தால் ஏதாவது மாற வேண்டும் என்றார். தலைவர் ஆகிறவர்களுக்கு மட்டும் இப்படி எல்லாம் எங்கிருந்துதான் வாயில் வருகிறதோ.

மாறியது. மூன்று மாதம் கழித்துத் தபால்காரர் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தார். மேலே பெயர் இல்லை. 'நீல நிறச் சரக்கு ஆட்டோவின் உரிமையாளர், ரயில் கேட், கொச்சுபரம்பு' என்று எழுதியிருந்தது. அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் என் வீட்டுக்கு வந்துவிட்டார். படித்துச் சொல்லும்படி அவரையே கேட்டேன், கண்ணாடியைத் தேட எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். ரயில் பாதையின் இருபுறமும் பெரிய வாகன நிறுத்துமிடங்கள் ஏற்பட்டிருக்கின்றனவாம். அங்கே இருப்பவை ஓடாத வண்டிகளாம், அவற்றில் ஒன்று படகாம். கேட் திறந்திருந்தும் ஒரே ஒரு வண்டிதான் கடக்கிறதாம். முந்தைய படத்திலும் அதே நேரத்தில் அதே வண்டிதானாம். ஆகவே மேம்பாலம் என்ற பேச்சுக்கே இடமில்லை, இந்த கேட்டையே நிரந்தரமாக மூடிவிடப் போகிறோம். கேட்டைப் பயன்படுத்தும் ஒரே நபர் என்ற முறையில் தங்களுக்கு ஆட்சேபம் உண்டென்றால் முப்பது நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவும்.

தபால்காரர் படித்து முடித்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறினார். அவர் போன வேகத்தைப் பார்த்தபோதே, கடிதத்தில் இருப்பது எனக்கு முன்னால் கேட்டைத் தாண்டிவிடும் என்று தெரிந்துவிட்டது.

ஊர் ஆடிப்போனது. கேட் மூடினால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பதினாறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வாவச்சனும் நாலு கட்சிக்காரர்களும் தனித்தனியாக ஆட்சேபம் எழுதி அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. நீங்கள் கேட்டைப் பயன்படுத்துபவர் அல்ல, இரண்டு படங்களிலும் நீங்கள் கடப்பதாகக் காணவில்லை, எனவே தங்கள் ஆட்சேபத்தை ஏற்க இயலாது.

அடுத்த நாள் காலையில் வாவச்சன் என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு பாத்திரம். ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இந்த ஊரில் என் முன்னால் யாராவது பாத்திரத்தோடு நின்று. விலை கேட்கவில்லை, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. ரெண்டு கிலோ சாளை என்றார். நான் எடை போட்டேன். கொசுறாக ஒரு மீன்கூடப் போடவில்லை.

"அந்த லெட்டருக்கு ஒரு பதில் எழுதிடு பிலோமி. நாற்பதாயிரம் பேருக்குக் கஷ்டம்னு எழுது" என்றார்.

"நான் எப்படி அப்படி எழுதுவேன் சேட்டா? ஒண்ணுங்கறதுதானே கணக்கு."

அவர் காசை எடுத்து நீட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடிதம் வந்த மறுநாளே ரம்ஷீனாவை வைத்து ஆட்சேபம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கேட் மூடினால் பதினாறு கிலோமீட்டர் எனக்கும்தானே? கையெழுத்துப் போடாமல் இருக்க எனக்கென்ன பைத்தியமா? ஆனால் அதை இவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? முப்பது நாளில் மிச்சமிருந்த பதிமூன்று நாளும் எல்லா வீட்டுக் கதவும் ஹாரன் அடிப்பதற்கு முன்னாலேயே திறந்தது. மாமியார் இருந்த வீட்டிலும் பெரிய மீனே வாங்கினார்கள். கரிமீன் இல்லையா, பரவாயில்லை, இருப்பதைக் கொடுங்கள் என்றார்கள். யோசித்துவிட்டீர்களா சேச்சி என்று ஒவ்வொரு வாசலிலும் பவ்வியமாகக் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி விற்றேன்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆட்சேபம் நியாயமானது என்று ஏற்றுக்கொண்டார்களாம். ஆனால் ஒரே ஒரு நபருக்காகச் சம்பளம் கொடுத்துக் கேட்கீப்பரை வைக்க முடியாதாம். எனவே இது இனிமேல் ஒற்றைப் பயனாளர் கேட். எப்போதும் பூட்டியிருக்கும். சாவி பயனாளரிடம் இருக்கும்.

கோபிநாத பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல். போகும்போது ரெஜிஸ்தரில் என்னிடம் மூன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். என் உள்ளங்கையைவிட நீளமான சாவி. "ஸ்டேஷனுக்கு போன் பண்ணிக் கேக்காம திறக்கக் கூடாது, புரியுதா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஒரு வருஷமாக எந்த வீட்டுக் கதவு திறக்குமென்று ஏங்கினேனோ, அத்தனை வீட்டுக்காரர்களும் இப்போது நான் திறப்பதற்காக நிற்கிறார்கள். நான் ஊருக்குள் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டேன். காலையில் மீனை எடுத்துக்கொண்டு பத்தரைக்கு ஒரு தடவை கேட்டைத் தாண்டுவேன், உத்தரவில் இருக்கிற பயனாளர் நான்தானே. தாண்டி, திரும்பி வந்து, கேட் ஓரத்திலேயே நிறுத்திவிடுவேன். மற்றவர்கள் வருவார்கள், வரிசையில் நிற்பார்கள். நான் யாரையும் மீன் வாங்கச் சொல்வதில்லை. ஸ்டேஷனுக்கு போன் போட்டுக் காத்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் ரிங் போகும், அதுவரை அவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தால் வாங்காமல் இருக்க முடியுமா? என் சாளை இப்போது பதினொரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. ஒரு மீனுக்குக்கூடக் கண் வெளுப்பதில்லை.

மேம்பாலம் வேண்டுமா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

போன வாரம் வாவச்சன் வந்தார். பாலம் கேட்டு மறுபடி ஹர்த்தால், வருகிற வியாழக்கிழமை. இந்தத் தடவை முழுப் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்தால் மேலே இருக்கிறவனுக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் ஆளை அனுப்புவான், ஆள் வந்தால் உண்மை தெரியும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். சொல்வது சரிதான். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதிலேயே இது ஒன்றுதான் சரி.

"உன்னால ஒரே ஒரு நாள் வீட்ல இருக்க முடியாதா பிலோமி? கேட்டுப் பக்கமே வராதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஹர்த்தால் பேச்சு காதில் விழுந்ததும், அடுத்த படம் எப்போது மாறும் என்று முந்தினநாளே ரம்ஷீனாவிடம் கேட்டு வைத்திருந்தேன். மூன்று வருஷம் ஆகலாம் சேச்சி, இல்லாவிட்டால் வருகிற வியாழக்கிழமை எடுப்பதாகவும் இருக்கலாம், யாருக்குத் தெரியும் என்றாள். ஒரு நாள் நான் அந்த இடத்தில் இல்லாவிட்டால், அந்த ஒரு நாளைப் பார்த்து மேலே ஒட்டிவிட்டால், பயனாளர் யாரும் இல்லை. கேட் இல்லை, சாவி இல்லை, வரிசை இல்லை. மறுபடி அந்தத் தெரு, ஆடுகிற திரை, பின்னால் வருகிற பூனை.

"மீன் என்ன பாலா சேட்டா, எடுத்து வைக்க?" என்றேன்.

அவர் வழக்கமான ஒன்றரைக் கிலோவை வாங்கிக்கொண்டார், நான் கேட்டைத் திறந்துவிட்டேன், போய்விட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

நேற்று வண்டியைக் கழுவிக் கூரைக்கு மட்டும் புதிதாக ஒரு கோட் நீலம் அடித்தேன். வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் பாதையின் நடுவில் போகும்போது தலையை வெளியே நீட்டி மேலே பார்த்துச் சிரிக்கலாம் என்று இருக்கிறேன். அசைந்தாலும் கலங்காது என்பதுதான் எனக்குத் தெரிந்துபோயிற்றே.